நாற்பத்தாறு இடங்கள்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு முப்பத்துநாலு. சீடர் குழந்தை மருத்துவர், பெயர் நெல்லைநாயகம். குரு ஒரு நர்ஸ், பெயர் பியூலா. இந்த ஏற்பாட்டைச் சீடர் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. மருத்துவமனை நிர்வாகம் அவர் தலையில் கட்டியது.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை. இரண்டாம் மாடியில் பச்சிளம் குழந்தைகள் வார்டு. உள்ளே ஒன்பது வார்மர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் படுக்கைக்கு அங்கே அதுதான் பெயர்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் இரண்டு குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. பிறக்கும்போது கொண்டுவந்ததல்ல, வார்டுக்கு வந்த பிறகு தொற்றியது. ஒரு குழந்தை பிழைத்தது. ஒன்று பிழைக்கவில்லை.

பிழைக்காத குழந்தையைத் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுத்தவர் நெல்லைநாயகம். நாலு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நோய்த்தொற்றுத் தடுப்பை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கென்று தனியாகப் படித்துவிட்டு வந்திருக்கும் பியூலா சிஸ்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினார். வேறு சமயமாக இருந்தால் கத்தியிருப்பார்.

மறுநாள் காலையில் குருவைத் தேடிப் போனார்.

"சிஸ்டர், நம்ம வார்டு சுத்தமா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பியூலா ஒரு ஸ்டூலை எடுத்து வார்டு மூலையில் போட்டார்.

"ஒரு மணி நேரம் இங்க உக்காருங்க டாக்டர். கை எதையெல்லாம் தொடுதோ, அதையெல்லாம் எழுதுங்க."

"யார் கை?"

"எல்லார் கையும்."

இருபத்தேழு வருஷ அனுபவமுள்ள மருத்துவரை மூலையில் உட்காரவைத்ததைப் பார்த்து நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார்.

ஒரு மணி நேரம் கழித்து பியூலா நோட்டை வாங்கிப் பார்த்தார். வார்மரின் பக்கத் தடுப்பு, நாற்பத்தொரு தடவை. மருந்து ஏற்றும் பம்ப்பின் பொத்தான், இருபத்தேழு. இழுப்பறைப் பிடி, பத்தொன்பது. தண்ணீர்க் குழாய், பதினாறு. டெலிபோன், பன்னிரண்டு.

"தரை?" என்றார் பியூலா.

"தரையை யாரும் தொடலையே."

"தரையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைக்காங்க?"

"மூணு தடவை."

"பம்ப்பை?"

நெல்லைநாயகத்துக்குத் தெரியவில்லை. வார்டைச் சுத்தம் செய்யும் முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கேட்டார். நாற்பது வயதைத் தாண்டிய பெண். ஈரத்துணியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அது மிஷினுல்லா ஐயா? கை வச்சா கெட்டுப்போகும்னு முன்னாடி இருந்த சிஸ்டர் சொல்லியிருக்காக. அதான் நான் அது கிட்டயே போறதில்ல."

பியூலா நோட்டை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லார் கையையும் எழுதியாச்சா?"

"ஆச்சு சிஸ்டர்."

பியூலா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

அடுத்த வாரம் பியூலா அவருக்கு இரண்டு பொருட்களைக் கொடுத்தார். ஒன்று சின்னக் குப்பியில் மை. தொட்டு வைத்தால் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இன்னொன்று ஊதா வெளிச்சம் தரும் டார்ச். அந்த வெளிச்சத்தில் மட்டும் மை நீலமாக மின்னும். காலையில் யாருக்கும் தெரியாமல் ஆங்காங்கே புள்ளி வைக்க வேண்டும். துடைத்து முடித்த பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புள்ளி மின்னினால் அந்த இடத்தில் துணி படவில்லை என்று அர்த்தம்.

முதல் நாள் நாற்பது புள்ளி வைத்தார். பதினேழுதான் அழிந்திருந்தது. முப்பிடாதியை வார்டின் நடுவில் நிறுத்தி, ஆறு நர்ஸுகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு நீலப் புள்ளியாகக் காட்டித் திட்டினார்.

"இது என்ன? இது என்ன? கண்ணு தெரியலையா உனக்கு?"

கண்ணுக்குத் தெரியாத புள்ளியைக் காட்டித்தான் அப்படிக் கேட்டார். அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பியூலா, முப்பிடாதியைத் தனியே அழைத்துப்போய் மிஷினை எப்படித் துடைப்பது என்று காட்டிக்கொடுத்தார். ஒரு வார்மருக்கு ஒரு துணி, அடுத்த வார்மருக்கு வேறு துணி. பம்ப்பைத் துடைக்கலாம், கெட்டுப்போகாது. ஆவணியில் நாற்பதுக்கு முப்பத்தொன்று அழிந்தது. புரட்டாசியில் முப்பத்தெட்டு. நெல்லைநாயகம் பச்சை மையில் இந்த எண்ணிக்கைக்கு ஒரு வரைபடம் வரைந்து சுவரில் ஒட்டினார். இரண்டு மாதமாக ஒரு குழந்தைக்கும் புதிதாகக் கிருமி ஏறவில்லை. அவருக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த டார்ச் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. வேறு யாரையும் தொடவிட மாட்டார். வெள்ளைக் கோட்டுப் பையிலேயே இருக்கும். வீட்டு அடுப்படியை அதை வைத்துச் சோதிக்கப் போய் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. நர்ஸுகள் உட்காரும் மேஜையில் சரஸ்வதி படம் வைத்து, கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், எடை பார்க்கும் தட்டு என்று எல்லாவற்றையும் பரப்பினார்கள். முப்பிடாதி சந்தனம் கரைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் இட்டார். ஒன்பது வார்மருக்கும் வைத்தார். தன்னுடைய மாப்புக் கம்புக்கும் வைத்தார்.

நெல்லைநாயகம் பையிலிருந்து டார்ச்சை எடுத்து நீட்டினார்.

"இதுக்கும் வை."

முப்பிடாதி டார்ச்சின் தலைப்பக்கத்தில், வரிவரியாகப் பள்ளம் ஓடும் இடத்தில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக வைத்தார்.

"எனக்கு எல்லாத்தையும்விட இதைக் கண்டாத்தான் ஐயா பயம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருக்கும் பெருமையாக இருந்தது. சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பியூலா வார்டுக்குள் நுழைந்தபோது முப்பிடாதி ஒரு வார்மரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி மேலிருந்து இறங்கி வந்தது, பொட்டின் பக்கம் வந்ததும் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது.

"ஏன் முப்பிடாதி, துணி சுத்திப் போகுது?"

"சாமிக்கு வச்சதுல்லா சிஸ்டர்? அதை எப்படி என் கையால அழிக்க?"

பியூலா கழுத்தில் சிலுவை போட்டவர். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"கோயில்ல சாமிக்கு நேத்து வச்ச சந்தனத்தை என்ன செய்வாங்க?"

"அபிஷேகத்துக்கு முன்னாடி களைஞ்சிருவாக."

"களையலைன்னா?"

"களையாம பிறகு எங்க புதுசு வைக்க?" என்ற முப்பிடாதி, சட்டென்று சிரித்துவிட்டார். துணியைப் பொட்டின் மேல் வைத்து அழுத்தித் துடைத்தார். மத்தியானத்துக்குள் ஒன்பது வார்மரிலும் பொட்டு இல்லை. மாப்புக் கம்பையும் கழுவி வைத்தார்.

ஐப்பசி பாதியில் கனகா என்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை ஆயிரத்து நூற்றைம்பது கிராம். கனகா இரண்டு மணிக்கொரு தடவை பால் பீய்ச்சிக் கொண்டுவந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று குழந்தையைப் பார்ப்பாள். நன்றாகத்தான் தேறி வந்தது. பன்னிரண்டாம் நாள் பாலைச் செரிக்காமல் கக்கியது. கைகால் சில்லிட்டது. ரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி.

நெல்லைநாயகம் மருந்தை மாற்றி எழுதிவிட்டு வெளியே வந்து கனகாவிடம் சொன்னார். அவள் அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"வீட்டுல ஒருத்தரும் தொடாம பத்திரமா இருக்கணும்னுதான சார் இங்க வச்சிருக்கோம்? இங்க வச்சு எப்படி சார் கிருமி வரும்?"

அந்தக் கேள்வி அவரை வீடுவரைக்கும் துரத்தியது.

காலையில் வந்து பட்டியல் போட்டார். வார்டில் கை படும் இடங்கள் நாற்பத்தாறு. ஒவ்வோர் இடத்தையும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, குழாயில் போட்டு, எண் எழுதி லேபுக்கு அனுப்பினார். இரண்டு நாளில் முடிவு வந்தது. நாற்பத்தாறிலும் ஒன்றும் இல்லை.

அதற்கு ஆறுதல் பட்டிருக்க வேண்டும். அவருக்கோ கோபம் வந்தது. முப்பிடாதியைக் கூப்பிட்டார்.

"நான் எங்க புள்ளி வைக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"எப்படித் தெரியும்?"

"எப்பவும் வலது கைப்பக்கம்தான் வைப்பீக. உங்க நெஞ்சு உசரத்துக்கு."

"அப்போ அங்க மட்டும் துடைச்சு என்னை ஏமாத்தியிருக்க."

"இல்ல ஐயா. அங்க ரெண்டு தடவை துடைப்பேன். மத்த இடத்தை ஒரு தடவை."

அவர் நம்பவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கவனக்குறைவு, ஏமாற்று, உயிரோடு விளையாட்டு, உடனே வேலையிலிருந்து நீக்க வேண்டும். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பியூலாவின் கையெழுத்துக்கு இடம் விட்டு எடுத்துப்போனார்.

பியூலா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நாற்பத்தாறு இடத்துலயும் ஒண்ணும் இல்லைன்னு லேப் சொல்லுது டாக்டர். முப்பிடாதி ஒழுங்காத் துடைச்சிருக்காங்கன்னு இதுக்கு அர்த்தம்."

"அப்போ கிருமி எங்கதான் இருக்கு?"

பியூலா கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"தினமும் வார்டை எப்படிச் சுத்தி வருவீங்களோ, அதே மாதிரி இப்ப ஒரு தடவை வாங்க. நானும் கூட வாரேன்."

நெல்லைநாயகம் கோட்டுப் பையில் கடிதத்தைச் செருகிக்கொண்டு கிளம்பினார். முதல் வார்மர். கையை முழங்கைவரை கழுவினார். பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். தடுப்பில் அடித்துப் பார்த்தார், பம்ப்பில் அடித்துப் பார்த்தார். நோட்டில் எழுத வேண்டும். டார்ச்சைப் படுக்கையின் ஓரத்தில், குழந்தையின் காலடியில் வைத்துவிட்டு எழுதினார். டார்ச்சை எடுத்துப் பையில் போட்டார். திரும்பவும் கையைக் கழுவினார். இரண்டாவது வார்மர். டார்ச்சை எடுத்தார்.

பியூலா பின்னாலேயே வந்தார். முப்பிடாதி வாசல் பக்கம் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலை போகப்போகிறது என்ற செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

ஒன்பது வார்மருக்கு டாக்டர் ஒன்பது தடவை கை கழுவினார். கடைசி வார்மரில் கனகாவின் மகள் கிடந்தாள். அவள் காலடியில் டார்ச்சை வைக்கப் போனபோது பியூலா ஒரு வெள்ளைக் காகிதத்தைக் குறுக்கே நீட்டினார்.

"இதுல வைங்க டாக்டர்."

வைத்தார். பியூலா காகிதத்தோடு ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பிடித்தார். டார்ச்சின் தலைப்பக்கத்துப் பள்ளங்களில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம் கறுத்திருந்தது.

"இந்தப் பொட்டு எப்ப வச்சது டாக்டர்?"

"அது ஆயுத பூஜைக்கு வச்சது" என்று சாதாரணமாகச் சொன்னார்.

பியூலா காகிதத்தைப் பிடித்தபடியே நின்றார்.

நெல்லைநாயகம் மனசுக்குள் நாட்களை எண்ணினார். இருபத்தாறு. ஒவ்வொரு நாளும் ஒன்பது படுக்கை.

"நாற்பத்தாறு இடத்துல இது இல்லை சிஸ்டர்."

"இல்லை."

"பட்டியல் போட்டது நான்தான்."

பியூலா காகிதத்தை டார்ச்சோடு மேஜையில் வைத்தார்.

"இதுலதான் இருக்கா கிருமி?"

"எனக்குத் தெரியாது டாக்டர். லேப்தான் சொல்லணும். ஆயுத பூஜைல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் துடைக்காத பொருள் இது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரே ஒற்றி எடுத்தார். குழாயின் மேல் நாற்பத்தேழு என்று எழுதினார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. கனகாவின் மகள் ரத்தத்தில் இருந்த அதே கிருமி.

அவர் அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். கேட்பார் இல்லை. படித்த கையோடு எழுந்து போய்க் கனகாவின் பக்கத்தில், வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். டார்ச்சைப் பற்றிச் சொன்னார். குழந்தையின் காலடியில் வைத்ததைச் சொன்னார். யார் வைத்தது என்பதையும் சொன்னார்.

கனகா கண்ணாடிக் கதவுப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"இப்பத் துடைச்சாச்சா?"

"ஆச்சும்மா."

"இனிமே தினமும் துடைப்பீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். கனகா பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாப்பாவுக்கு நேரமாச்சு சார்."

அவர் வார்டுக்குள் போனார். கடிதத்தை முப்பிடாதியின் முன்னால் கிழித்தார். ஆறு நர்ஸுகளும் இருந்தார்கள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களைத் திட்டினேன். இப்ப எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க ஒழுங்காத்தான் துடைச்சீங்க. துடைக்காதவன் நான்."

"இருக்கட்டும் ஐயா" என்றார் முப்பிடாதி. ஏற்கனவே பிழிந்த துணியை இன்னொரு தடவை பிழிந்தார்.

மருந்தை மாற்றிய ஒன்பதாம் நாள் கனகாவின் மகள் பாலைக் கக்காமல் குடித்தாள். மார்கழிக் குளிரில் ஆயிரத்து எழுநூறு கிராமாக வீட்டுக்குப் போனாள்.

அதற்குள் வார்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டிருந்தது. மைக்குப்பியைப் பியூலா முப்பிடாதியிடம் கொடுத்துவிட்டார். டாக்டர் காலையில் வார்டு வாசலில் கை கழுவும்போது ஸ்டெதாஸ்கோப், பேனா, போன், நோட்டு, டார்ச் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைப்பார். முப்பிடாதி அதில் ஏதோ ஒன்றில், ஏதோ ஓர் இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். டாக்டர் எல்லாவற்றையும் தன் கையாலேயே துடைத்த பிறகு, சாயங்காலம் முப்பிடாதி டார்ச் அடித்துப் பார்ப்பார்.

முதல் நாள் போனின் பின்பக்கத்தில் நீலமாக மின்னியது. இரண்டாம் நாள் பேனா மூடியில் மின்னியது. இரண்டு நாளும் டாக்டர் எல்லாவற்றையும் துடைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கேட்டார்.

"இன்னைக்கு எங்க வச்சீங்க?"

"சொல்ல மாட்டேன் ஐயா."

முப்பிடாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு பம்ப்பைத் துடைக்கப் போய்விட்டார். நெல்லைநாயகம் ஈரத்துணியும் தட்டுமாகப் பியூலாவிடம் போய் நின்றார்.

"நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர். எங்கன்னு மட்டும் சொல்லிட்டா ஒழுங்காத் துடைச்சிருவேன்."

பியூலா எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து நிமிரவில்லை.

"சொன்னா, அங்க ரெண்டு தடவை துடைப்பீங்க டாக்டர்."